கடிதத்தில் ஒரு படம்கூட இல்லையே!

கேள்வி: வயது 62. பள்ளி நாளில் மாமா கொடுத்த கேமராவில் தொற்றிக்கொண்டது இந்த போட்டோப் பித்து. வங்கி வேலை, ஊர் ஊராய் மாற்றல் எல்லாவற்றுக்கும் நடுவில் விடாமல் வைத்திருந்தேன். இரண்டு டிஜிட்டல் கேமரா, நான்கு லென்ஸ், ஹார்ட் டிஸ்கில் 24,000 படங்கள். ஆனால் ஒரு வருடமாகக் கேமராவைத் தொடவே தோன்றவில்லை. "செல்போனே போதுமே தாத்தா" என்கிறாள் பேத்தி. புதிதாக, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கினால் ஆர்வம் திரும்புமா? இல்லை, கல்யாண ஆர்டர் எடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம்.

நீங்கள் எழுதியது இரண்டு பக்கம், இங்கே சுருக்கியிருக்கிறோம். நான்கு லென்ஸுக்கும் மில்லிமீட்டர் கணக்கு எழுதியிருக்கிறீர்கள், வாங்கிய விலையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 24,000 படங்களில் ஒன்றைப் பற்றியாவது ஒரு வரி? தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

கருவியைச் சொல்வதானால், காட்டு விலங்குகளைப் படம் பிடித்த மா. கிருஷ்ணனின் கேமராவைச் சொல்ல வேண்டும். பல பழைய கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிக்கொண்டது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று கேலிப்பெயர் வேறு. யானையை நேரில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. அது கடையில் கிடைக்காது.

என்னிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ஃபிலிம் ரோலுக்கு 12 படம். முதுகில் இருக்கும் சின்னச் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வந்து நிற்கும்வரை திருக வேண்டும். 9 தெரிந்தால் மிச்சம் நாலு. திருவிழா முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்! அந்தக் கஞ்சத்தனத்தில்தான், எல்லாரும் தேரை அண்ணாந்து பார்த்தபோது, நான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் எப்போது குனிவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். படம் ஆடிப்போய்த்தான் வந்தது. கட்டை தெளிவு, கை வெறும் புகை. கறுப்பு அட்டை ஆல்பத்தில் மூலை செருகி வைத்த அந்தப் படத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் காலம் பொற்காலம் என்று புலம்பவில்லை. பாதி ரோல் வீணாகத்தான் போகும். ஆனால் எடுத்ததைப் பார்த்தோம். நீங்கள் எடுத்ததை ஹார்ட் டிஸ்க் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ழாக் ஆன்ரி லார்த்திக் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1894இல் பிறந்தவர். சிறுவனாகக் கையில் கேமரா கிடைத்ததும் வீட்டு ஆட்கள், பந்தயக் கார்கள், அப்போதுதான் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த விமானங்கள் என்று சுட்டுத் தள்ளினார். தொழிலாக வரித்துக்கொண்டது ஓவியத்தை. புகைப்படங்களை ஆல்பம் ஆல்பமாக ஒட்டினார், நூற்றுக்கு மேல். 1963இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. அப்புறம்தான் உலகம் அவரைப் புகைப்படக்காரராகக் கொண்டாடியது. அதுவரை ஆல்பத்துக்கு ஒட்டுவதே போதுமான வேலையாக இருந்திருக்கிறது மனுஷனுக்கு.

சரி, கல்யாண ஆர்டர். தாலி கட்டும் நொடியில் உங்கள் கண் பந்தி ஓரத்தில் வாளியைக் கட்டிக்கொண்டு தூங்கும் பையன் மீது போனால், பெண்ணின் அப்பா காசு தருவாரா? பொழுதுபோக்காக வைத்திருப்பதன் சுகமே அந்தப் பையனை எடுக்கலாம் என்பதுதான். அதை ஏன் விற்கிறீர்கள்?

பேத்தி சொல்வதில் தப்பில்லை. செல்போனே போதும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து 24,000இல் 12 படம் பொறுக்குங்கள். எது எங்கே எடுத்தது என்று அவள் கேட்பாள், பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிரிண்ட் போட்டு அதில் ஒன்றை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். பின்பக்கத்தில் லென்ஸ் விவரம் எழுத வேண்டாம்.