கணினிக் கேள்வி பதில்: சாரா, வார்சாரா?

கேள்வி: எங்கள் கோயில் உறுப்பினர் பட்டியலை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏற்றுகிறேன். பெயர், அடையாள எண், அஞ்சல் குறியீடு எல்லாவற்றுக்கும் சார் 50 (CHAR(50), அதாவது 50 எழுத்து நீளமுள்ள புலம்) என்றே வைத்துவிடலாமா?
- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம். சார் (CHAR) என்பது எப்போதும் ஒரே நீளமுள்ள எழுத்துப் புலம், வார்சார் (VARCHAR) என்பது உள்ளடக்கத்துக்கு ஏற்ப நீளம் மாறும் புலம். நீளம் மாறாத விவரத்துக்கு மட்டுமே சார். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம், எனவே சார் 13. அஞ்சல் குறியீட்டுக்குச் சார் 4. இரண்டையும் தப்பித் தவறியும் எண் வகையில் போட்டுவிடாதீர்கள். பிரிட்டோரியாவின் 0001 வெறும் 1 ஆகிவிடும். 2000இல் பிறந்தவரின் அடையாள எண் 00 என்று தொடங்கும், அந்தச் சுழியங்களும் போய்விடும். கடவுச்சீட்டு எண் தருபவர்களுக்கு வார்சாரில் தனிப் புலம் வையுங்கள்.

பெயருக்கு வார்சார்தான். சார் 50இல் ‘நாயுடு’ என்று போட்டால் மிச்ச இடம் வெற்றிடத்தால் நிரப்பப்படும். மைஎஸ்க்யூஎல் திருப்பித் தரும்போது அதை வெட்டிவிடும். மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வர் வெட்டாது. நாளை அதற்கு மாறினால், அஞ்சல் உறையில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும்.

பெயரைத் தமிழிலும் ஏற்றுங்கள். ஆனால் நீளத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். ‘கோவிந்தசாமி’ பார்வைக்கு 6 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 11. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறிக்கு 3 பைட், மொத்தம் 33. மைஎஸ்க்யூஎல்லில் வார்சார் 100 என்றால் 100 குறிகள். முழுப் பெயருக்கு அது தாராளம். எஸ்க்யூஎல் சர்வரின் வார்சார் பைட்டை எண்ணும், அங்கே யூனிகோடுக்கான வகையான என்வார்சார் (NVARCHAR) போடுங்கள். மைஎஸ்க்யூஎல் அட்டவணையின் எழுத்துத்தொகுதி (character set) முழு யூனிகோடையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) தானா என்று முதலிலேயே பாருங்கள். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 (latin1) என்றிருந்தால் தமிழ் ஏறாது.