குருக்களுக்காக அன்றாட ஒறுத்தல்களை ஒப்புக்கொடுப்பது செபமாகுமா?

குருக்களுக்காகச் சின்னச் சின்ன ஒறுத்தல்களை (விருப்பத்தோடு ஏற்கும் சிரமங்களை, விட்டுக்கொடுத்தல்களை) யாருக்கும் தெரியாமல் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பது நிஜமாகவே செபமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், செபம்தான். கிறிஸ்துவின் உடலாகிய திருச்சபைக்காகத் தாம் துன்புறுவதாகவும், கிறிஸ்துவின் துன்பங்களில் குறைவாக உள்ளதை நிறைவுசெய்வதாகவும் பவுல் கொலோசையருக்கு (1:24) எழுதுகிறார். சிலுவைப் பலியில் குறை இருக்கிறது என்பதல்ல. அதில் பங்கெடுக்க நமக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது.

குழந்தை இயேசுவின் புனித தெரசாள் 1888இல், 15 வயதில், பிரான்சின் லிசியே நகரில் கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். குறிப்பாகக் குருக்களுக்காகச் செபிக்கவே வந்ததாகச் சொன்னவர் அவர். காசநோயோடு தோட்டத்தில் சிரமப்பட்டு நடந்தவரிடம், ‘ஏன் இந்தப் பாடு?’ என்று ஒரு சகோதரி கேட்டார். எங்கோ களைத்துப்போயிருக்கும் ஒரு மறைப்பணியாளருக்காக நடக்கிறேன் என்பதுதான் பதில்.

நமக்கு? நாக்கு நுனிவரை வந்த பதிலடியை விழுங்குவது. மூட்டுவலியோடு ஏறும் மாடிப்படி. ‘ஆண்டவரே, இது இன்று சோர்ந்திருக்கும் ஒரு குருவுக்காக’ என்று மனதுக்குள் சொன்னால் போதும். காலையிலேயே முழு நாளையும் மொத்தமாக ஒப்புக்கொடுத்துவிடலாம்; என்னைப் போன்ற மறதிக்காரர்களுக்கு அதுதான் வசதி.

மறைவாக ஏன்? நோன்பைப் பிறர் பார்க்கச் செய்யாதீர்கள் என்கிறார் இயேசு (மத்தேயு 6). முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு செய்தால், ஒறுத்தல் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான். மருந்தை நிறுத்துவது, உடம்பைக் கெடுத்துக்கொள்வது எல்லாம் வேண்டாம்.

அப்புறம் ஒன்று: ஒரு குரு தவறு செய்தால், அவருக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது. செபமும் வேண்டும், புகாரும் வேண்டும்.