கிறிஸ்தவர் ஒருவர் பெரியவராக விரும்புவது பெருமையா? தாழ்மை என்றால் பின்வரிசையிலேயே இருந்துவிடுவதா?

கேள்வி கேட்டவருக்குச் சபையில் ஏதோ ஒரு பொறுப்பை ஏற்க விருப்பம் இருந்திருக்கும். "முதலில் தாழ்மையைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி யாரோ உட்கார வைத்திருப்பார்கள். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லி உட்கார வைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

மாற்கு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு சீடர்களில் இருவரான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வருகிறது. தாங்கள் முந்திக் கேட்கவில்லையே என்ற ஆற்றாமைதான் அது என்று எனக்குத் தோன்றும். இயேசு பன்னிரண்டு பேரையும் அழைத்துப் பேசுகிறார். பெரியவனாக விரும்பாதே என்று அங்கே ஒரு வார்த்தை கூட இல்லை. விரும்புகிறவன் மற்றவர்களுக்குப் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்கிறார். பவுலைப் பாருங்கள். 1 கொரிந்தியர் 15:9-இல், கிறிஸ்து அனுப்பிய தூதர்களாகிய அப்போஸ்தலர்களிலே தான் மிகச் சிறியவன் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, அவர்கள் எல்லாரையும்விடத் தான் அதிகமாகப் பாடுபட்டதாகவும், அதுவும் தன்னால் அல்ல, கிருபையால் என்றும் சொல்கிறார். தன் உழைப்பை மறைத்துப் பேசுவது தாழ்மை என்று அவர் நினைக்கவில்லை. எனவே உங்களுக்குப் பாடவோ கற்பிக்கவோ வரும் என்றால், வரும் என்று சொல்வதில் பாவம் இல்லை.

நான் இறையியல் படித்தவன் அல்ல. படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். தாழ்மையைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுவதே பெருமைதானே என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கட்டும். எழுதாமல் இருந்த ஆண்டுகளில்தான் என் பெருமை நன்றாக வேர்விட்டது.

ஞாயிறு பள்ளியை 18 ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தினேன். நாற்காலி அடுக்குவேன், கழிவறையைக் கழுவுவேன், யாரும் சொல்லாமலேயே செய்வேன். "அவரைப் போலத் தாழ்மை வேண்டும்" என்று போதகர் பிரசங்கத்திலேயே சொன்னதுண்டு. அந்த நாட்களில் ஓர் இளைஞர் பெரிய பிள்ளைகளின் வகுப்பை எடுக்க விரும்பினார். குழுக் கூட்டத்தில் என் கருத்தைக் கேட்டார்கள். "வரம் இருக்கிறது, தாழ்மை இல்லை" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்தது. உண்மைக் காரணம் வேறு. அவர் ஒருமுறை எனக்குப் பதிலாக வந்து தாவீதின் கதையைச் சொல்லியிருந்தார், அடுத்த வாரம் பிள்ளைகள் என்னிடம், "அந்த அண்ணன் வரமாட்டாரா?" என்று கேட்டார்கள்.

மறு ஆண்டு எனக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. என் மனைவிக்கு முதுகுவலி. என்னைத் தாங்கிப் பிடிக்க அவளால் முடியாது. உதவ வருகிறோம் என்ற எல்லாரிடமும் "வேண்டாம், சமாளித்துக்கொள்கிறோம்" என்றே சொன்னேன். அந்த இளைஞர் மட்டும் கேட்காமலேயே வந்தார். கட்டைப் பிரித்த அன்று மாலை என் கால் பார்க்கச் சகிக்காமல் இருந்தது. தோல் செதில் செதிலாக உரிந்தது, நாற்றம் வேறு. அவர் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார்.

"வேண்டாம் தம்பி, நானே கழுவிக்கொள்கிறேன்."

"உங்களால் குனிய முடியாது அண்ணா. காலை நீட்டுங்கள்."

அவ்வளவுதான் பேசினார். வசனம் எதையும் எடுத்துக்காட்டவில்லை. கழுவித் துடைத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டப் போனார். எனக்கு வந்தது நன்றி அல்ல, வெட்கம், கொஞ்சம் கோபமும்கூட.

யோவான் 13-இல் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். சீடரான பேதுரு, நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவக்கூடாது என்று மறுக்கிறார். அதைக் குருவின் மேல் அவருக்கிருந்த மரியாதை என்றே ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று இயேசு ஏன் அவ்வளவு கடுமையாகச் சொன்னார் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. அன்று விளங்கியது. பணிவிடை செய்கிற இடத்தில் இருந்தவரை நான்தான் கொடுக்கிறவன், மற்றவர்கள் வாங்குகிறவர்கள். கழிவறை கழுவும்போதும் நான் மேலேதான் இருந்திருக்கிறேன்.

     

பிலிப்பியர் 2:8-இல் கிறிஸ்து தம்மைத்தாமே தாழ்த்தினார் என்று இருக்கிறது. தம்மைத்தாமே. ஒருவரை மற்றவர் தாழ்த்தினால் அதற்கு அவமானம் என்று பெயர். அதைத்தான் நான் அந்தக் குழுக் கூட்டத்தில் அந்த இளைஞருக்குச் செய்தேன். மாற்கு 10:44-இல் நம் பழைய வேதாகமம் 'ஊழியக்காரன்' என்று சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அடிமையைக் குறிக்கும் சொல். இன்று நாம் பேர்பெற்ற போதகரைப் 'பெரிய ஊழியக்காரர்' என்கிறோம். அந்தச் சொல்லே முன்வரிசை நாற்காலியாகிவிட்டது. எல்லா ஊழியர்களையும் சொல்லவில்லை. உண்மையாக உழைப்பவர்கள் பலரை நான் அறிவேன்.

உங்களை உட்கார வைத்தவர் என்னைப் போன்றவராக இருந்தால், அவர் சொன்னதை ஆண்டவருடைய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீண்டும் போய்க் கேளுங்கள். நாளை உங்களுக்கு உதவ யாராவது வந்தால், குறிப்பாக உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த வகுப்பை இப்போது அவர்தான் எடுக்கிறார். அடுத்த குழுக் கூட்டத்தில் நானே அவர் பெயரைச் சொன்னேன். ஆனால் முந்தைய கூட்டத்தில் அவரைப் பற்றி என்ன சொன்னேன் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு முறை வாயெடுத்தும் பேச்சை மாற்றிவிட்டேன். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சற்று நிற்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.