கரண்டிக்கு வயது 80 கூடுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம். நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். போன ஞாயிறு கார் பூட் சேலில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கிற சந்தை) ஒரு டப்பா பழைய சாமான் வாங்கினேன். அதில் ஒரு கரண்டியின் காம்புக்குப் பின்னால் ஐந்து முத்திரைகள்: இரண்டு இனிஷியல், நடக்கிற சிங்கம், பூனை மூஞ்சி, பெரிய ‘எல்’ எழுத்து, ஒரு மனிதத் தலை. எந்த எழுத்து எந்த வருடம் என்று சொல்லும் முத்திரை அட்டவணையில் தேடினால் ‘எல்’லுக்கு 1806 என்றும் வருகிறது, 1886 என்றும் வருகிறது. எது சரி? கூடவே இ.பி.என்.எஸ். என்று போட்ட ஒரு டீபாட், 15 என்று பொறித்த தங்க ப்ரூச் (உடையில் குத்திக்கொள்கிற நகை). படங்கள் இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாமா?
– கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த பாலிஷ் டப்பாவை மூடி வையுங்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் வெள்ளி போகும், முத்திரை மழுங்கிவிட்டால் அப்புறம் வயது சொல்ல ஆளே கிடையாது. வாயால் ஊதி ஆவி படியவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்கிற மாதிரி ஒரு லென்ஸ் வழியாகப் பாருங்கள், போதும்.

எல்லோரும் எழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் பார்க்க வேண்டும். லண்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரை அடிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஓர் எழுத்து போட்டார்கள். ‘ஜே’யை விட்டுவிட்டு ‘யு’ வரை 20 எழுத்து ஓடியதும் வடிவத்தையோ சுற்றியுள்ள கட்டத்தையோ மாற்றி மறுபடி ‘ஏ’விலிருந்து தொடங்குவார்கள். 1796-இல் தொடங்கிய சுற்றும் 1876-இல் தொடங்கிய சுற்றும் சாதாரணப் பெரிய எழுத்துதான், அதனால்தான் உங்களுக்கு இரண்டு ‘எல்’ கிடைத்தன.

இனி மற்ற மிருகங்களைக் கேட்போம். நீங்கள் பூனை என்கிற பிராணி சிறுத்தை, லண்டனின் முத்திரை (பர்மிங்ஹாம் என்றால் நங்கூரம் இருந்திருக்கும், கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும்). 1821 வாக்கில் வரைக்கும் இந்தச் சிறுத்தை கிரீடம் வைத்திருந்தது, பிறகு கழற்றிவிட்டார்கள். அதே சமயத்தில்தான் லண்டன் சிங்கமும் நம் பக்கம் திருப்பியிருந்த முகத்தை நேராக்கிக்கொண்டு முன்னால் பார்த்து நடக்க ஆரம்பித்தது. உங்கள் படத்தில் கிரீடமும் இல்லை, சிங்கம் நம்மைக் கண்டுகொள்ளவும் இல்லை. மனிதத் தலை, அப்போது ஆட்சியில் இருந்தவருடையது, வெள்ளிக்கு வரி கட்டியதற்கான அடையாளம். 1784-இல் வந்து 1890-இல் வரியோடு போய்விட்டது. 1806 என்றால் மூன்றாம் ஜார்ஜ் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுடையது கொண்டை போட்டு இடப்பக்கம் பார்க்கிறது, விக்டோரியா மகாராணியேதான். ஆக 1886. இன்னும் சரியாகச் சொன்னால் 1886-87, ஏனென்றால் அப்போதெல்லாம் லண்டனில் எழுத்து மாறுவது மே மாதத்தில்.

கரண்டியின் வடிவத்தை வைத்து மட்டும் யாராவது வயது சொன்னால் நம்பாதீர்கள். அதே பாணியைத் தலைமுறை தலைமுறையாக அடித்திருக்கிறார்கள்.

டீபாட் வெள்ளி இல்லை. நிக்கல் கலவை உலோகத்தின் மேல் மின்சாரத்தால் வெள்ளி பூசியது, எல்கிங்டன் என்ற பர்மிங்ஹாம் உற்பத்தியாளர்கள் 1840-இல் காப்புரிமை வாங்கிய முறை. அந்த நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் வைத்து அசல் முத்திரை போலவே வரிசையாக அடித்திருப்பதைப் பாருங்கள், வாங்குகிறவர் கொஞ்சம் ஏமாந்தால் ஏமாறட்டும் என்றுதான். டீ போட்டுக் குடியுங்கள்.

ப்ரூச்தான் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்து உருப்படி என்றால், 15 என்றால் 15 காரட், 62.5 சதவீதத் தங்கம். நம் கடைகளில் 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு மாற்று குறைவாகத் தெரியும். ஆனால் 15 காரட்டை அங்கே 1854-இல்தான் சட்டம் அனுமதித்தது, 1932-இல் அதை எடுத்துவிட்டு 14 கொண்டுவந்தார்கள். ஒரே எண்ணில் இரண்டு பக்கமும் வேலி கிடைத்துவிட்டது. அதற்குள் இன்னும் நெருங்க ஊசியைப் பாருங்கள்: பூட்டு இல்லாத வெறும் வளைந்த கொக்கி, ஊசி முனை ப்ரூச்சின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் விக்டோரியா காலத்துப் பக்கம் சாயலாம். படத்தில் கொக்கியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ திட்டாகத் தெரிகிறது. அது ஈயத்தால் பற்றவைத்த இடமாக இருந்தால் கொக்கி பிற்பாடு மாற்றியது, அதை வைத்து வயது சொல்ல முடியாது. அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.