மகளைக் கணிதப் பிரிவில் விடலாமா?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கும் என் மகள், உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்துப் பொறியியல் படிக்க விரும்புகிறாள். "பெண்பிள்ளைகளுக்கு உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்க வராது, உயிரியலே நல்லது" என்கிறார் அவளுடைய மாமா. என்ன செய்வது? – ஒரு தாய், கொக்குவில்

பதில்: அவளைக் கணிதம் படிக்க விடுங்கள்.

மாமா சொல்வது முழுப் பொய்யல்ல. முப்பரிமாண உருவம் ஒன்றின் இரண்டு படங்களைக் காட்டி, ஒன்றைத் திருப்பினால் மற்றது வருமா என்று கேட்கும் சோதனையை 1971 இல் உளவியலாளர்களான ஷெப்பர்டும் மெற்ஸ்லரும் வெளியிட்டார்கள். இவ்வகைச் சோதனைகளில் ஆண்களின் சராசரி தெளிவாகவே உயர்ந்திருக்கிறது. சிறுவயதில் சிறிதாக உள்ள இடைவெளி பதின்ம வயதில் அகலுகிறது. ஆனால், மடித்து வெட்டிய தாள் எப்படி விரியும் என்பது போன்ற, படிப்படியாக யோசிக்கும் வினாக்களில் வித்தியாசம் மிகச் சிறிது. நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சுழற்றும் சோதனையிலும் அது குறைகிறது. சராசரி ஆணை விஞ்சும் பெண்களும் ஏராளம். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பதைச் சராசரி சொல்லாது.

வளர்ப்புக்கும் இதில் பங்குண்டு. 2011 இல் வெளியான வடகிழக்கு இந்திய ஆய்வொன்றில், தந்தைவழிச் சமூகமான கார்பி மக்களிடையே ஆண்கள் புதிர்த்துண்டுகளை விரைவாகப் பொருத்தினார்கள். தாய்வழிச் சமூகமான காசி மக்களிடையே அந்த வேறுபாடே காணப்படவில்லை.

நான் மிகவும் வலியுறுத்துவது பயிற்சியை. 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013 ஆம் ஆண்டு ஆய்வு, இத்திறன் பயிற்சியால் வளர்கிறது, வளர்ந்தது நிலைக்கிறது என்று காட்டியது. அமெரிக்காவின் மிச்சிகன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி, இதில் பின்தங்கிய முதலாமாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கென 1993 இல் ஒரு பாடநெறி தொடங்கினார். அதைப் படித்தவர்களின் பெறுபேறுகள் உயர்ந்தன.

நம் ஊரில் தட்டையான பனையோலையைக் பிட்டு அவிக்கும் கூம்பான நீத்துப்பெட்டியாக இழைத்தவை பெரும்பாலும் பெண்களின் விரல்கள்தாம். ஓலையை எங்கே மடித்தால் எங்கே வளையும் என்று மனத்தில் காணாமல் அது இயலாது.

வீட்டிலேயே ஒரு பயிற்சி: உருளைக்கிழங்கைச் சதுரமுகியாக (ஆறு பக்கமும் சதுரமான கட்டியாக) செதுக்குங்கள். ஒரு மூலையைச் சீவினால் வெட்டுமுகம் என்ன வடிவில் இருக்கும் என்று மகளை முதலில் வரையச் சொல்லி, பிறகு வெட்டுங்கள். முக்கோணம் வரும். இன்னொரு சதுரமுகியை, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள எதிரெதிர் மூலைகள் இரண்டிலிருந்தும் சமதூரத்தில், அவற்றை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டினால் அறுகோணம் வரும், பெரியவர்களே திகைப்பார்கள். கரட்டைச் சரிவாக வெட்டினால் நீள்வட்டம். தினமும் பத்து நிமிடம் போதும். முதல் வாரம் பிழையாகத்தான் வரும். அந்தப் படங்களை அழிக்காமல் கொப்பியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.