மூன்று தள்ளுபடிக்கு இத்தனை கிளாஸ் தேவையா?

கேள்வி: பைத்தானில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். வாடிக்கையாளர் வகையைப் பொறுத்துத் தள்ளுபடி மாறும். இப்போது மூன்று வகைதான் என்பதால் இஃப்-எல்ஸ் போட்டு முடித்துவிட்டேன். ரிவ்யூ செய்த சீனியர், ஸ்ட்ராடஜி (ஒவ்வொரு கணக்கிடும் முறையையும் தனியாகப் பிரித்து மாற்றிப் போடுவது), ஃபேக்டரி (எது தேவையோ அதை உருவாக்கித் தரும் வேலையை ஓரிடத்தில் வைப்பது) ஆகிய டிசைன் பேட்டர்ன்களில், அதாவது அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான பழகிய கோடு அமைப்புகளில், மாற்றி எழுதச் சொல்கிறார். எது சரி?

பதில்: உங்கள் இஃப்-எல்ஸ் ஒரே ஃபங்ஷனுக்குள் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும். பில் போடும் இடத்தில் ஒன்று, மாத அறிக்கையில் இன்னொன்று என்று சிதறிக் கிடந்தால் முதலில் ஒன்றாகச் சேருங்கள். பேட்டர்ன் பேச்செல்லாம் அப்புறம்தான்.

எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994-இல் புத்தகமாகத் தொகுத்த 23 பேட்டர்ன்களுக்கான உதாரணங்கள் சி++, ஸ்மால்டாக் மொழிகளில் இருந்தன. அன்றைய சி++-இல் லாம்டா (பெயர் வைக்காமல் அங்கேயே எழுதும் சின்ன ஃபங்ஷன்) கிடையாது. ஒரு கணக்கிடும் முறையைக் கைமாற்றிவிட கிளாஸ் எழுதுவதே வசதியான வழி. பைத்தானில் ஃபங்ஷனையே அப்படியே அனுப்பலாம். அந்த 23-இல் 16 பேட்டர்ன்களை லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் இன்னும் எளிதாக எழுதிவிடலாம் என்று கணினி விஞ்ஞானி பீட்டர் நார்விக் 1996-லேயே காட்டினார்.

நான்காவது, ஐந்தாவது வகை வரும்போது ஒரு டிக்‌ஷனரி போடுங்கள்: ஒரு பக்கம் வாடிக்கையாளர் வகை, மறுபக்கம் அதற்கான ஃபங்ஷன். புது வகைக்கு ஒரு ஃபங்ஷனும் ஒரு வரியும் சேர்த்தால் ஆயிற்று. இதுவும் ஸ்ட்ராடஜிதான், கிளாஸ் இல்லை, அவ்வளவே. ஒவ்வொரு தள்ளுபடிக்கும் குறைந்தபட்சத் தொகை, காலாவதி தேதி, பில்லில் அச்சாகும் விளக்கம் என்று சொந்தச் சரக்கு சேரத் தொடங்கினால் தயங்காமல் கிளாஸுக்குப் போங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் முதல் நாளே பேட்டர்ன் போடச் சொல்வேன்: பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) மாதிரி வெளியாருடைய சேவையைத் தொடும் இடம். சில கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் கேட்கும். 499 ரூபாய்க்கு 49900 என்று அனுப்ப வேண்டும். அந்தப் பெருக்கல் உங்கள் கோடு முழுக்கப் பரவினால், கேட்வே மாற்றும் நாளில் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். அதை ஒரே ஃபைலுக்குள் அடக்குவதுதான் அடாப்டர் பேட்டர்ன்.

சீனியரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அடுத்து என்னென்ன தள்ளுபடி வரப்போகிறது? பண்டிகைச் சலுகை, கூப்பன் எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் அவர் சொல்வதே சரி. எப்படியானாலும் இன்றே மூன்று வகைக்கும் டெஸ்ட் எழுதிவையுங்கள். பிறகு எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் தொகை பிசகினால் உடனே தெரிந்துவிடும்.