மாணவர்களுக்கான பாடத் தளம் நடத்துகிறேன். பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்? எந்த ஃபில்டர் நல்லது?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரம் இது. தளம் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரிலிருந்து நடக்கிறது. 6 முதல் 10ஆம் வகுப்பு வரை 700 பிள்ளைகள். பாதிப்பேர் கம்பம் பள்ளத்தாக்கு, மீதிப்பேர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் தோட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள். சந்தேகம் கேட்கும் பகுதி உண்டு, உறுப்பினர்களுக்குள் தனிச்செய்தி உண்டு. பாடம் எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். கடைசியில் ‘கெட்ட வார்த்தையைத் தடுக்க நல்ல ஃபில்டர் எது, பழைய தனிச்செய்திகளை நாங்கள் படித்துப் பார்க்கலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபில்டரில் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளையை வளைக்க வருகிறவன் கெட்ட வார்த்தை பேசமாட்டான். ‘கணக்கு சூப்பரா போட்டிருக்க பாப்பா’ என்பான். அடுத்து ‘எந்த ஸ்கூல்?’ அதற்கடுத்து ‘டவுட் இருந்தா எனக்குத் தனியா அனுப்பு, எல்லார் முன்னாடியும் கேட்க வேணாம்’. நாலாவதாக ‘வாட்ஸ்அப் இருக்கா? அம்மா போனா, உன் போனா?’ இதில் எந்தச் சொல்லை ஃபில்டர் பிடிக்கும்? அந்த நாலாவது கேள்விதான் ஆபத்தானது. போனை வேறு யார் பார்ப்பார்கள் என்று அளவெடுக்கிறான். பதில் கிடைத்ததும் பேச்சு உங்கள் தளத்தை விட்டு வெளியே போய்விடும், அதற்குப் பிறகு நடப்பது எதுவும் உங்கள் கண்ணில் படாது.

அதனால் முதல் வேலை, தனிச்செய்தியை மூடுவது. மாணவர்–மாணவர், பெரியவர்–மாணவர் இரண்டையும். சந்தேகங்கள் பாடவாரியாகத் திறந்த இடத்தில் கேட்கப்படட்டும், பதிலும் எல்லோர் கண்ணிலும் படட்டும். ஆசிரியர் ஒரு மாணவரோடு தனியாகப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டாவது ஆசிரியரின் கணக்கு அந்த உரையாடலில் தானாகச் சேர்கிற மாதிரி எழுதிவிடுங்கள். ‘பிள்ளைகள் நண்பர்களோடு பேச வழியில்லாமல் போகுமே’ என்று கேட்பார்கள். நண்பர்களோடு பேச அவர்களுக்கு வேறு பத்து இடம் இருக்கிறது. பாடத் தளம் பதினோராவதாக இருக்க வேண்டியதில்லை.

மூடும் அன்றே பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு அவை சாட்சியாகத் தேவைப்படலாம். யாரும் இஷ்டத்துக்குத் திறக்க முடியாமல் பூட்டி, 180 நாளாவது வைத்திருங்கள். பிறகு செய்தியின் உள்ளடக்கத்தைத் தொடாமல் ஒரு எண்ணிக்கை மட்டும் எடுங்கள்: எந்தக் கணக்கிலிருந்து எத்தனை வெவ்வேறு பிள்ளைகளுக்கு முதல் செய்தி போயிருக்கிறது, அதில் எத்தனை பேர் பதில் போட்டார்கள். வகுப்பு நண்பர்கள் நாலைந்து பேருக்குள் மாறி மாறிப் பேசுவார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு முதல் வணக்கம் சொல்லி முப்பத்தைந்து பேரிடம் பதில் வாங்காத கணக்கு தனியாகத் தெரியும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, வாங்கும் தகவல். முழுப்பெயர், பள்ளி, ஊர், பிறந்த தேதி, போட்டோ என்று பதிவுப் படிவம் நீளமாக இருந்தால் பாதியை வெட்டுங்கள். பிறந்த வருடம் போதும். வெளியே தெரிகிற பெயர் புனைபெயராக இருக்கட்டும். முகப்படத்துக்குப் பதில் நாலைந்து வரைபடங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தோட்டப் பகுதியில் ஒரு எஸ்டேட் பேரும் வகுப்பும் தெரிந்தால் போதும், எந்த லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளை என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். மாணவர் பக்கத்தின் இணைய முகவரியில் ‘மாணவர் 1041’ என்று வரிசை எண் வந்தால், எண்ணை 1042 என்று மாற்றி அடுத்த பிள்ளையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் அன்று இரவே சரிசெய்ய வேண்டிய ஓட்டை அது. யூகிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றுவது பாதி வேலை. கேட்பவருக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சோதிப்பதுதான் மீதி. எந்தப் பக்கங்களைத் தேட வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் எழுதி வைத்தால் மறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கூகுளுக்கான வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. எங்கே என்ன இருக்கிறது என்று திருடனுக்கு வழிகாட்டவும் செய்யும்.

படங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல தளங்களே இங்கே சறுக்குகின்றன. பிள்ளை கணக்கு நோட்டைப் படமெடுத்து ஏற்றுகிறது. போன் கேமராவில் லொகேஷன் திறந்திருந்தால், எக்ஸிஃப் என்ற குறிப்பில் அந்தப் படத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் சேர்ந்து வரும். அதாவது நோட்டுப் படத்தைத் தரவிறக்குகிறவனுக்கு வீட்டு வாசல் வரை வழி கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இது நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் நீங்காது. உங்கள் சர்வரில் நீங்கள்தான் நீக்க வேண்டும். படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருள் வைத்திருந்தால் முதலில் படத்தை நிமிர்த்தும் ‘ஆட்டோ-ஓரியன்ட்’, பிறகு குறிப்புகளை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’. இந்த வரிசை முக்கியம். படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதும் எக்ஸிஃபுக்குள்தான் இருக்கிறது. நேராக ஸ்ட்ரிப் செய்தால் நோட்டெல்லாம் படுத்துக்கொள்ளும், உடனே யாராவது ஒரு தன்னார்வலர் ‘இந்த ஸ்ட்ரிப்தான் கெடுக்கிறது’ என்று அதை எடுத்துவிடுவார். சுத்தம் செய்த பிறகு மூலப்படத்தை அழித்துவிடுங்கள். பல தளங்களில் சிறுபடம் சுத்தமாக இருக்கும், ‘ஒரிஜினல்’ ஃபோல்டர் அப்படியே திறந்து கிடக்கும்.

வயதும் பெற்றோர் ஒப்புதலும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அதை வைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் தன்னார்வத் தளம் தானாக அதற்குள் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகள் தொடர்பான கடமை தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, ஒப்புதல் பகுதிக்கு 18 மாத அவகாசம். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

நடைமுறையில் சிக்கல் எங்கே என்றால், ஓடிபி அப்பா எண்ணுக்குப் போகிறது, அப்பா போன் பிள்ளை கையில் இருக்கிறது. பிள்ளையே பார்த்து, பிள்ளையே அடித்துவிடும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள் விடிகாலையில் ஜீப் ஏறினால் திரும்ப சாயங்காலம் ஆகும். ஆகவே ஓடிபியை மட்டும் நம்பாமல், இரவு 7 மணிக்கு மேல் ஒரு போன் போட்டுப் பெற்றோரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள், இல்லையென்றால் பள்ளி வழியாகக் கையெழுத்து வாங்குங்கள். 700 பேர்தானே, ஒரு நாளைக்கு 20 அழைப்பு என்றால் 35 நாளில் முடிந்துவிடும். வயது கேட்கும்போது ‘13 வயது ஆகிவிட்டதா?’ என்று டிக் போடச் சொல்லாதீர்கள், எல்லோரும் டிக் போடுவார்கள். ‘எந்த வருடம் பிறந்தாய்?’ என்று மட்டும் கேளுங்கள், எந்தப் பதிலுக்குக் கதவு திறக்கும் என்று காட்டிக்கொடுக்காமல்.

விளம்பரம் வேண்டவே வேண்டாம். வீட்டுப்பாடப் பக்கத்தில் கடன் ஆப் வந்து நிற்கும். பார்ப்பவரைப் பின்தொடரும் முகநூல் பிக்சல் மாதிரி வெளி ஸ்கிரிப்டுகளையும் எடுத்துவிடுங்கள். யூடியூப் பாடங்களை உங்கள் பக்கத்தில் பதிக்கும்போது பார்ப்பவரைக் குறைவாகப் பின்தொடரும் ‘நோகுக்கி’ முகவரியைப் பயன்படுத்துங்கள். வீடியோ முடிந்ததும் வரும் பரிந்துரைகளை, வீடியோ முகவரியின் கடைசியில் ‘ரெல்=0’ போட்டு முழுவதும் நிறுத்த முடியாது. 2018க்குப் பிறகு அது அதே சேனலின் வீடியோக்களாகச் சுருக்குகிறது, அவ்வளவுதான். ஆக, பாடம் மட்டுமே இருக்கிற தனிச் சேனல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் பொத்தான் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் இருக்க வேண்டும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அல்ல. ‘இது சரியில்லை’ என்று ஒரு அழுத்து, அதற்குப் பிறகு வேண்டுமானால் காரணம். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். கூடவே 1098, குழந்தைகள் உதவி எண், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். பயனர்கள் எழுதுகிற தளமாக இருப்பதால் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பதில் போகும் போன் வீட்டில் எல்லோரும் பார்க்கும் போன். பிள்ளை புகார் சொன்னது வீட்டுக்குள் இருக்கும் ஆளைப் பற்றியதாகவும் இருக்கலாம். ‘மாமா பற்றிய உங்கள் புகார் கிடைத்தது’ என்று திரையில் மின்னினால் அந்தப் பிள்ளை கதி என்ன? குறுஞ்செய்தியில் ‘பாடத் தளத்தில் ஒரு பதில் இருக்கிறது’ என்பதோடு நிறுத்துங்கள். பெற்றோர் கணக்கு கொடுத்திருந்தால் அதில் புகார்ப் பக்கம் தெரியக்கூடாது. உள்நுழைவும் 30 நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக மூடிக்கொள்ளட்டும்.

இப்போது ஃபில்டருக்கு வருகிறேன். எல்லைப் பகுதியில் இது வேடிக்கையான சமாச்சாரம். மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய், திட்டுவதற்கும் அதுதான். மலையாள வசவுப் பட்டியல் ஒன்றை எடுத்து அப்படியே மாட்டினால் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி என்று பாதிப் பிள்ளைகளின் ஊர் தடையாகும். ஆங்கில எழுத்தில் தட்டினால் பாட்டியும் சேர்ந்து மாட்டிக்கொள்வாள். சொல்லின் நடுவில் தேடாமல் முழுச்சொல்லாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினாலும் அழிக்காமல், ஒரு ஆள் பார்க்கும் வரை நிறுத்தி வைத்தால் போதும்.

ஒப்பிடுவதற்கு முன் எழுத்துகளை என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. ‘ஔ’வும் ‘ஒ’வோடு ‘ள’ சேர்த்ததும் என்எஃப்சிக்குப் பிறகும் வேறாகவே நிற்கும், அதைக் கையால் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை நீக்குங்கள். ‘௧’ என்ற தமிழ் எண்ணைக் ‘க’வுக்குப் பதிலாகப் போடுகிற தந்திரமும் உண்டு. ஃபில்டர் உண்மையில் உதவுவது போன் எண்ணைப் பிடிக்கத்தான்: 9842 என்று எழுதினாலும், ‘ஒன்பது எட்டு நாலு ரெண்டு’ என்று எழுதினாலும், ‘நைன் எய்ட்’ என்று எழுதினாலும். எண் சொற்கள் ஆறுக்கு மேல் தொடர்ந்து வந்தால் நிறுத்தி வையுங்கள். கணிதச் சந்தேகப் பகுதியில் இது தவறாகவும் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மோசமான படம் ஒன்று வந்தேவிட்டால் என்ன செய்வது? குழந்தையின் ஆபாசப் படம் என்று தெரிந்த நொடியில் பொதுப்பார்வையிலிருந்து மறையுங்கள். அழிக்காதீர்கள், தரவிறக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். ‘இதைப் பாருங்கள்’ என்று தன்னார்வலர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், நல்ல எண்ணத்தில் போட்டாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி பரப்பிய குற்றமாகவே பார்க்கப்படும். அந்தப் பக்கத்தின் இணைய முகவரி, ஏற்றிய கணக்கு, நேரம் இவற்றை எழுத்தில் குறித்துக்கொண்டு போலீசுக்கும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் சொல்லுங்கள். இது விருப்பம் அல்ல. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. உங்கள் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. குழந்தை ஆபாசப் படம் பற்றிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலும் இது இருக்கிறது: காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க அமைப்புக்குத் தகவல் சொல்லிவிட்டோம் என்று தளங்கள் ஒதுங்க முடியாது, இங்குள்ள போலீசுக்கும் சொன்னால்தான் சட்டப் பாதுகாப்பு.

பிள்ளை இடுக்கி மாவட்டம், தளம் தேனி மாவட்டம், எந்த ஸ்டேஷன் என்று குழம்ப வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் எல்லை பார்க்காமல் ஜீரோ எஃப்ஐஆர் போட வேண்டும், பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. போலீஸ் உங்களிடம் கேட்பது ஐபி முகவரி. மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபியை ஒரே நேரத்தில் பல பேர் பயன்படுத்துவார்கள், அதனால் ஐபி மட்டும் இருந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே ஐபியில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டும் சோர்ஸ் போர்ட் எண்ணும், நொடி வரை நேரமும் சேர்த்து சர்வரின் பதிவேடான லாகில் பதியுங்கள். வழக்கமான அமைப்பில் போர்ட் பதிவாகாது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சர்வர் கடிகாரம் இணையம் வழியாகச் சரியான நேரம் தரும் என்டிபியோடு ஒத்திருக்கட்டும். இரண்டு நிமிடம் தப்பினால் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். இதே காரணத்தால் ஐபியை வைத்து யாரையும் தடை செய்யாதீர்கள், குமுளியில் பாதிப்பேருக்குத் தளம் திறக்காமல் போகும்.

தன்னார்வலர்களைப் பற்றிச் சுருக்கமாக. அடையாள அட்டை பார்த்துச் சேருங்கள், நிர்வாகப் பக்கத்துக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, விலகியவரின் அனுமதியை அன்றே நீக்குவது. நேரலை வகுப்பில் மாணவர்களுக்கு இடையிலான தனி சாட் மூடியிருக்கட்டும், திரைப் பகிர்வு ஆசிரியருக்கு மட்டும், பதிவு செய்தால் பிள்ளைகள் முகம் விழக்கூடாது.

பழைய தனிச்செய்திகளைப் படிக்கலாமா என்றால், மொத்தமாக வேண்டாம். மேலே சொன்ன எண்ணிக்கையில் தனித்துத் தெரிந்தவை, புகார் வந்தவை, இவற்றை மட்டும், இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து திறங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. யார், எந்த நாள், எதைத் திறந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆசிரியர் ஒருவரின் கணக்கே அந்தக் கணக்கெடுப்பில் முதலில் வந்தால், அவரிடம் விளக்கம் கேட்பதற்கு முன் அவருடைய உள்நுழைவை நிறுத்துங்கள். கேட்டுவிட்டு நிறுத்தினால் அதற்குள் அவர் பக்கத்தில் எல்லாம் அழிந்திருக்கும்.